சுந்தரியின் வலது கண்

ஏம்பலம்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மாமாவுக்கு ஏர்போர்ட்டில் ஷிப்ட் மாற்றிக் கொடுத்தார்களா? இவர் நன்றாக இருக்கிறார். கரும்புக்கு மழை போதவில்லை என்று தினமும் வானத்தோடு சண்டை போடுகிறார்.

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் கத்துகிறோம், இனி எழுது, எழுதினால் யோசித்துப் பேசுவாய் என்று நீதான் சொன்னாய். யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கோபம் குறையவில்லை.

போன சனிக்கிழமை திருக்கனூர் ஆரம்பப் பள்ளியில் எங்கள் டிரஸ்ட்டின் கண் முகாம். அங்கே உங்கள் புதுச்சேரிக்காரர் அசோசியேஷன் அனுப்பிய பணத்தில்தான் பிள்ளைகளுக்குக் கண்ணாடி. தக்காளி சாதமும் பேனரும் நம் தம்பி ஏகநாதன் உபயம். பேனரை நீ பார்க்கவேண்டும். அவன் படம் ஆள் உயரம். மூலையில் ஒரு குழந்தையின் கண், தபால்தலை அளவுக்கு. அதையும் மைக் கம்பம் மறைத்துவிட்டது. அவன் உரக்கடை வாடிக்கையாளர் எல்லோரும் வந்து அவனுக்குச் சால்வை போட்டார்கள். பரிசோதனைக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள்.

புருஷனுக்குச் சால்வை போடுவதை வேடிக்கை பார்க்க பிரவீணா மகள் சுந்தரியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சும்மா இருக்கும் குழந்தைதானே என்று நான் அவளையும் நாற்காலியில் உட்காரவைத்தேன். வலது கண்ணை மூடியபோது பலகையில் இருந்ததெல்லாம் கடைசி வரிவரை கடகடவென்று சொன்னாள். இடது கண்ணை மூடினேன். அட்டையைத் தள்ளிவிட்டு ஓரமாக எட்டிப் பார்த்தாள். "கைய எடு அத்த, பலகைய காணோம்" என்றாள். பரிசோதனை செய்ய வந்த குமரவேல் மறுபடி மறுபடி பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "வலது கண்ணு லேசா உள்ள திரும்புது பாருங்க மேடம். மூளை அந்தக் கண்ண கவனிக்கறத விட்டுடுச்சி. ஏழெட்டு வயசுக்குள்ள வேலைய ஆரம்பிச்சா திருப்பிக் கொண்டாரலாம். தள்ளிப் போட்டா கஷ்டம்."

அவளுக்கு செப்டம்பரில் ஆறு முடிகிறது.

சால்வையோடு நின்றவனிடம் போய்ச் சொன்னேன். சிரித்தான். "இன்னாக்கா நீ. அது யோகக் கண்ணு. அப்பா சொன்னது மறந்துபோச்சா? பெரியக்காவுக்கும் அதே வலது கண்ணுதான். பெரியக்கா பொறந்துதான் நமக்கு கடை வந்துது. பிரான்ஸுக்குப் போயி உக்காந்துக்கினு இருக்காங்களா இல்லியா? இவ பொறந்த வருஷம் நான் ரெண்டாவது கடை தொறந்தேன். அதப் போயி சரி பண்றேன்ற."

ஊரார் பிள்ளைகளின் கண் முகாமுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இதைச் சொன்னான். அவன் என் பேச்சைக் கேட்கமாட்டான். உன் பேச்சை மட்டும்தான் கேட்பான். நீ ஒரு வார்த்தை சொல்லு.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்.

உன் தங்கை,
கல்பனா


சர்செல், பிரான்ஸ்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள கல்பனா,

உன் கடிதம் வந்தது. நீயும் புகழ்வேந்தனும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாமாவுக்கு ஷிப்ட் மாறவில்லை. பள்ளிக்கூட கான்டீனில் போன வாரம் கண்ணாடி டம்ளர் அடுக்கும்போது ஒன்று உடைந்து உள்ளங்கை கிழிந்துவிட்டது. இரண்டு தையல். அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

முகாம் நன்றாக நடந்தது பற்றி அசோசியேஷனில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நீ அனுப்பிய போட்டோக்களைப் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளைகள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே என்று தலைவி கேட்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் புத்தகத்தோடு, சிரித்த முகமாக இருந்தால் இங்கே இருப்பவர்களுக்குக் கொடுக்க மனம் வரும். பின்னால் இருக்கும் சுவரும் கொஞ்சம் சுத்தமாக இருக்கட்டும். அக்டோபரில் விருந்து வைத்து நிதி திரட்டுகிறோம், அதற்குள் வேண்டும்.

சுந்தரிக்கு ஒரு கவுனும் சாக்லேட்டும் தெரிந்தவர் மூலம் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு என் முத்தம். ஏகா விஷயத்துக்கு நீ பக்கத்தில் இருக்கிறாய், நீயே பேசிப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் ஊர் ஊராக அலையாதே.

அன்புடன்,
கீதா


ஏம்பலம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் பிரித்தாயிற்றா? சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். நாங்கள் சுகம்.

போட்டோ பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். சுந்தரியின் கண் பற்றி ஒரு வரி. அதிலும் கவுன் வந்துவிட்டது.

பிள்ளைகள் ஏன் சிரிக்கவில்லை என்று உங்கள் தலைவியிடம் சொல். முதன்முதலாகக் கண்ணாடி போட்ட பிள்ளை சிரிக்காது. எதிரில் இருக்கும் மரத்தை, மரத்திலிருக்கும் இலையை, அதைத்தான் பார்க்கும். கேமராவைப் பார்க்கச் சொன்னால் எரிச்சலாகிறது. அதுதான் அந்தப் போட்டோ. எனக்கு அது நல்ல போட்டோ.

கொடுத்த கண்ணாடிகள் என்ன ஆயின என்று பார்க்க வீடு வீடாகப் போனேன். கிருமாம்பாக்கத்தில் ஒரு வீட்டில் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் கண்ணாடி இருந்தது. "ஒடச்சிடுவாம்மா, விசேஷத்துக்குப் போட்டுவுடறேன்" என்கிறாள் அம்மா. இன்னொரு வீட்டில், "பொம்பளப் புள்ளைக்கு இப்பவே கண்ணாடி மாட்டிவுட்டா நாளைக்கு எவன் கட்டிக்குவான், நீங்க வந்து கட்டிவெப்பீங்களா" என்று ஒரு மாமியார் சண்டைக்கு வந்தார். இவர்களிடம் நான் பொறுமையாகப் பேசுகிறேன். மறுபடி போகிறேன், டீ குடிக்கிறேன், மறுபடி பேசுகிறேன். அதற்குத்தான் சம்பளம். என் சொந்தத் தம்பியிடம் மட்டும் பொறுமை வரமாட்டேன் என்கிறது. படிக்காதவர்களைக் கோபித்துக்கொள்ள மனம் வராது. இவன் பி.காம்.

பள்ளிக்கூட ஷூ வாங்கப் போகிறோம் என்று ஏகாவிடம் சொல்லிவிட்டு பிரவீணாவையும் குழந்தையையும் புதுச்சேரிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குமரவேல் சொன்னதையேதான் அங்கிருந்த டாக்டரும் சொன்னார். கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கூடவே, நன்றாகத் தெரிகிற கண்ணின்மேல் ஒட்டுத்துணி ஒட்டி தினமும் சில மணி நேரம் மூடி வைக்கவேண்டும். அப்போதுதான் சோம்பிக் கிடக்கும் கண் வேலை செய்யும். மாதக்கணக்கில் செய்யவேண்டும். பிரவீணா தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது அழுதாள். "அவருக்குத் தெரிஞ்சா வூட்ட ரெண்டாக்கிடுவாரு அண்ணி" என்றாள்.

அக்கா, நேராகக் கேட்கிறேன். அவன் ஒவ்வொரு முறையும் உன்னைத்தான் உதாரணம் காட்டுகிறான். நீ, "டேய், என் கண்ணுக்கும் நான் இங்கே வந்ததற்கும் சம்பந்தம் இல்லை" என்று ஒரு வரி சொன்னால் போதும். ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கல்பனா


சர்செல்
9 செப்டம்பர் 2024

அன்புள்ள கல்பனா,

சுகம். கை ஆறிவிட்டது.

அவன் பிள்ளை, அவன் முடிவு. உனக்குப் பிள்ளை இல்லை என்பதால் எல்லாப் பிள்ளையும் உன் பிள்ளை என்று நினைக்கிறாய். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் இதில் என்னை இழுக்காதே.

விருந்து அக்டோபர் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. போட்டோ மறக்காதே.

கீதா


ஏம்பலம்
3 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தீபாவளி முடிந்தது. நாங்கள் சுகம், நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ என்னோடு இந்த ஜென்மத்தில் பேசியிருக்கமாட்டாய். பிள்ளை இல்லாததை நீ சொன்னது வலித்தது. கொஞ்ச நாளில் வலி போய்விட்டது, எரிச்சல் மட்டும் மிச்சம். ஏனென்றால் நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

விருந்துக்கு முன்பே போட்டோ அனுப்பிவிட்டேன். வாழைத்தோட்டத்தின் முன்னால் நிறுத்தி, குமரவேலைக் குரங்குபோல நடிக்கச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தேன். உங்கள் தலைவிக்குப் பிடித்திருக்கும்.

ஒரு நல்ல செய்தி. பிரவீணாவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. மதியம் பள்ளி விட்டு வந்ததும், ஏகா கடையில் இருக்கும் நேரத்தில் குழந்தைக்கு ஒட்டுத்துணி ஒட்டுகிறாள். அவன் வருவதற்குள் எடுத்துவிடுகிறாள். கண்ணாடி மட்டும் அவன் பார்த்துவிடுவான் என்று இன்னும் வாங்கவில்லை. "கொழந்த அழவே இல்ல அண்ணி, வெளாடிக்கினே இருக்கா" என்று சொன்னாள். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மற்ற பிள்ளைகள் முதல் வாரம் பிய்த்து எறியும், சுவரில் மோதும், அழும். நம் சுந்தரி கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

நீ ஒன்றும் செய்யவேண்டாம். நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

கல்பனா


ஏம்பலம்
20 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு நீ போன் செய்தபோது எல்லோரும் சுற்றி இருந்தார்கள். எல்லோரும் சுகம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சுகம் இல்லை.

டிசம்பர் புயலில் எங்கள் கரும்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது, அது உனக்குத் தெரியும். இங்கேயும் பாகூர்ப் பக்கமும் வீடுகளுக்குள் வெள்ளம். டிரஸ்ட் வேலையை நிறுத்திவிட்டுச் சோறும் பாயும் கொண்டுபோனோம். ஏகா வீடு இருக்கும் திருக்கனூர் பக்கம் நான் எட்டிப் பார்க்கவே இல்லை. அது என் தப்புத்தான். ஏகாவின் கடை வாசல்படி வரைக்கும் தண்ணீர் வந்து நின்றுவிட்டதாம், ஒரு மூட்டை உரம்கூட நனையவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். "பொண்ணு யோகம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போனேன். சுந்தரி கூடத்தில் உட்கார்ந்து ரங்கோலிப் பொடியில் பூ வரைந்துகொண்டிருந்தாள். கண்ணில் ஒட்டுத்துணி. வலது கண்ணில்.

அக்கா, பிரவீணா அத்தனை மாதமும் தெரியாத கண்ணையே மூடி வைத்திருக்கிறாள். தெரிகிற கண் திறந்தே இருந்தது. குழந்தை எப்படி அழும்?

நான் கத்தவில்லை. "டாக்டர் இன்னா சொன்னாரு பிரவீணா?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நல்ல கண்ண மூடச் சொன்னாரு அண்ணி. நல்லா இருக்கற கண்ண யாராச்சும் கட்டுவாங்களா? அடிபட்ட கைலதான கட்டு போடுவோம். கூட்டத்துல அவசரத்துல மாத்திச் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். அதான் நானே சரி பண்ணிக்கினேன்."

அவள் சொல்லும்போது எனக்கே ஒரு நிமிஷம் அதுதான் சரி என்று தோன்றிவிட்டது. யாராக இருந்தாலும் புண் இருக்கும் இடத்தில்தானே கட்டுவார்கள். நானும் ஒரு தடவைகூடப் பக்கத்தில் இருந்து ஒட்டிக் காட்டவில்லை. டாக்டர் சொன்னார், அவள் தலையாட்டினாள், முடிந்தது என்று வந்துவிட்டேன். ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்கு ஒட்டிக் காட்டுகிறவள் நான்.

சோம்பிக் கிடந்த கண்ணை இன்னும் தூங்கவைத்திருக்கிறோம். மாதங்கள் போய்விட்டன.

அந்த நேரம் பார்த்து ஏகா சாப்பிட வந்தான். பிள்ளை முகத்தைப் பார்த்தான். யோகக் கண்ணை மூடிவைத்திருக்கிறோம். அவனுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. ஒட்டுத்துணிப் பெட்டியைக் கொல்லைப்புறத்தில் வீசினான். "கடை மேல கண்ணு வெச்சிட்டீங்களா? கூடப் பொறந்தவளே இத செய்வியாக்கா?" என்றான். குழந்தை ஒட்டுத்துணியைத் தானே பிய்த்து அப்பா கையில் கொடுத்தது. இனிமேல் அந்தக் கண்ணைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் வீட்டுப்படி ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

நீ அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் ஒளிந்து ஒளிந்து செய்திருக்க வேண்டியதில்லை. ஒளிந்து செய்ததால்தான் தப்பாகச் செய்தோம். இதை எழுதக்கூடாது என்று மூன்று நாள் நினைத்தேன். எழுதிவிட்டேன்.

கல்பனா


சர்செல்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள கல்பனா,

நீங்கள் அங்கே சுகமா என்று கேட்டுத் தொடங்கி, பல தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. இருட்டு இல்லை. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும். யார் என்று தெரியாது. எழுத்து தெரியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது எனக்கே தெரியாது. ஒரு கண் வேலை செய்யும்போது மற்றது வேலை செய்யவில்லை என்று யாருக்குத் தெரியும்?

இங்கே வந்த முதல் வருஷம் மாமா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அதற்குக் கண் பார்த்தார்கள். அந்த டாக்டர் என் இடது கண்ணை மூடினார். எதிரில் இருந்த பலகையை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். சுந்தரி 'பலகைய காணோம்' என்று சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அதற்குமேல் படிக்க முடியாமல் சமையலறையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயந்திரம் வந்துதான் மீதியைப் படித்தேன்.

சின்ன வயதில் யாரும் பார்க்கவில்லையா என்று அந்த டாக்டர் கேட்டார். எங்கள் வீட்டில் அதை அதிர்ஷ்டம் என்பார்கள் என்று சொல்ல எனக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். மேலும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். நான் போகவில்லை. கார் என்றால் பயமாக இருக்கிறது என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். இன்றுவரை அவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் நினைக்கிறார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பெண் பார்க்க வந்தபோது மாமாவின் அம்மா என் கண்ணைத்தான் உற்றுப் பார்த்தார். அப்பா முந்திக்கொண்டு, "யோகக் கண்ணுங்க, இவ காலெடுத்து வெக்கற எடம் வெளங்கும்" என்றார். அந்த வார்த்தையில்தான் கல்யாணம் முடிந்தது. வந்த வருஷமே அது குருட்டுக் கண் என்று சொன்னால் நம் வீட்டார் ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆகியிருக்கும். அப்பா உயிரோடு இருந்தார். பிறகு சொல்வதற்கு நேரமே வரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். ஏகா என்னைக் காட்டிப் பெருமை பேசும்போதெல்லாம் கேட்க நன்றாக இருந்தது. கான்டீனில் டம்ளர் அடுக்குகிறவளுக்கு ஊரில் அப்படி ஒரு பெயர் இருந்தால் விட மனம் வருமா?

எத்தனையோ விஷயத்துக்கு நிதி கேட்டு வருகிறார்கள். எங்கள் அசோசியேஷன் ஏன் பிள்ளைகளின் கண்ணாடிக்கு மட்டும் பணம் அனுப்புகிறது என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

இந்தக் கடிதத்தை ஏகாவிடம் காட்டாதே. காட்டினால் எனக்காக அழுவான், ஊரெல்லாம் போன் செய்வான், பிள்ளையை மறந்துவிடுவான். அவனிடம் பேச்சு ஏறாது. அவன் எதிரிலேயே அவளுடைய இடது கண்ணை மூடு. மூடிவிட்டு அப்பாவிடம் போகச் சொல். அவ்வளவுதான்.

பிள்ளை பற்றி எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு.

கீதா


ஏம்பலம்
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இவர் காய்ச்சலா என்று கேட்டார். உன்மேல் கோபப்படுவதா, உனக்காக அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் செய்தேன். ஒரே அறையில் படுத்து வளர்ந்தோம். எனக்கே தெரியவில்லை. கண் முகாம் நடத்துகிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

வீட்டுப்படி ஏறக்கூடாது என்றுதானே சொன்னான். கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை சந்தை நேரம், நல்ல கூட்டம். பிரவீணா குழந்தையைக் கூட்டி வந்தாள். அவன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "இன்னாக்கா இங்கயே வந்துட்டியா" என்றான்.

"ஒண்ணும் பேசல. புள்ளயோட ஒரு வெளயாட்டு. நீ அங்க போயி நில்லு. வாயத் தொறக்காத" என்றேன்.

கூட்டம் பார்க்கிறது, மறுக்க முடியவில்லை. கடையின் அந்தக் கோடியில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். யூரியா வாங்க வந்தவர்களும் அங்கே நின்றார்கள், பாதிப் பேர் அவனைப்போலவே வெள்ளைச் சட்டை. நான் சுந்தரியின் இடது கண்ணை ஒட்டுத்துணியால் மூடினேன். "யோகக் கண்ண தொடல, பாத்துக்க" என்று அவனிடம் சொன்னேன். "அப்பாகிட்ட ஓடு கண்ணு" என்று குழந்தையிடம் சொன்னேன்.

ஓடவில்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு தராசில் இடித்துக்கொண்டாள். வெள்ளைச் சட்டைகளுக்கு எதிரில் போய் நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு கொடுக்கூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "ப்பா, எனக்கு வெளயாட்டு வேணாம், வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

ஏகா இரண்டு அடி தள்ளி நின்றிருந்தான்.

அந்தப் பெரியவர் பதறிப்போய், "நான் இல்லம்மா, தோ நிக்கிறாரு பாரு உங்கப்பா" என்றார். அவள் அவர் காட்டிய பக்கம் திரும்பினாள். அப்போதும் அவன் பேசவில்லை. நான் வாயைத் திறக்காதே என்று சொன்னதாலா, பேச முடியாததாலா, தெரியவில்லை. அவள் அவனைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் யாரும் சிரிக்கவில்லை.

கடையைப் பாதியில் விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. எடுக்காதவர்களை ஒரு மணி நேரம் திட்டினான். திங்கட்கிழமை போனோம். ஆறு மாதம் வீணாகிவிட்டது, இருந்தாலும் செய்வோம் என்றார் டாக்டர். எந்தக் கண் என்று பிரவீணாவைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவளையே ஒட்ட வைத்தேன். கண்ணாடியும் வாங்கியாயிற்று.

உன் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ மாமாவிடம் சொல். அந்த டாக்டர் திரும்ப வரச் சொன்னாரே, அங்கேயும் போ. உன் நல்ல கண்ணுக்கு ஒன்று வந்தால் என்ன செய்வாய்? எனக்குப் பிள்ளை இல்லை, எல்லோர் கண்ணிலும் தலையிடுவேன். நீயே சொல்லிவிட்டாய்.

உன் தங்கை,
கல்பனா


சர்செல்
30 மார்ச் 2025

அன்புள்ள கல்பனா,

சுகம். நீயும் தம்பி வீட்டாரும் சுகமாக இருக்கவேண்டும். கொடுக்கூர்ப் பெரியவர் கையைக் குழந்தை பிடித்த இடத்தை மறுபடி மறுபடி படிக்கிறேன்.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். சூப்பர் மார்க்கெட்டுக்கு நடந்து போகும் வழியில் சொன்னேன், முகத்தைப் பார்க்காமல் சொல்ல அதுதான் வசதி. அவர் நின்றுவிட்டார். பிறகு கேட்டார்: "அப்போ, எங்க போனாலும் என் எடது பக்கமே வந்து ஒட்டிக்கினு நடப்பியே, அது?"

அவர் வலது பக்கத்தில் இருந்தால் என் தெரியாத கண் பக்கம் யாரும் வந்து இடிக்கமாட்டார்கள், அதற்குத்தான் என்றேன்.

"நீ சாமி படத்துல அம்மன் நிக்கற மாதிரி வர்றேன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். இத்தனை வருஷமும் அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபப்படுவார் என்று பயந்த மனுஷன் அதற்காகத்தான் வருத்தப்பட்டார். திரும்பி வரும்போது நான் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் கொஞ்சம் பின்னால் நடந்தேன். அவர் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு என் வலது பக்கமாக வந்தார்.

டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். என் கண்ணுக்கு இனி ஒன்றும் பெரிதாகச் செய்ய முடியாது என்று எனக்கே தெரியும். நீ சொன்னதற்காக நல்ல கண்ணையாவது காட்டுகிறேன்.

அசோசியேஷனில் நான் பேசிவிட்டேன். இனிமேல் சிரிக்கும் போட்டோ வேண்டாம். ஒட்டுத்துணிக்கும் வீடு வீடாகப் போய் ஒட்டிக் காட்டும் ஆளுக்கும் பணம் அனுப்புவோம். தலைவிக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

சுந்தரி எப்படி இருக்கிறாள் என்று எழுது. ஒரு வரி போதாது.

அன்புடன்,
கீதா


ஏம்பலம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் இடது கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை போனில் கேட்டதும் இவரிடம்கூட ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு வரி போதாது என்றாய். நேற்று நடந்ததை எழுதுகிறேன். உனக்கு எரிச்சல் வரும். எனக்கு வந்த எரிச்சலில் பாதியை நீ வைத்துக்கொள்.

முதல் மாதம் சுந்தரி எங்களைப் படாத பாடு படுத்தினாள். பிய்த்து எறிந்தாள், என்னைக் கடித்தாள், ஒட்டுத்துணியைப் பூனைக்கு ஒட்டினாள். பள்ளியில் ஒற்றைக் கண்ணு என்று கூப்பிட்ட பையனைப் பென்சிலால் குத்தினாள். பிரவீணா அசையவில்லை. ஒரு நாள்கூட விடவில்லை. ஒரு தடவைகூடக் கண் மாறவில்லை. நம் தம்பி இருக்கிறானே, அவன் இப்போது பெரிய கண் நிபுணன். கடைக்கு வருகிறவர்கள், "இன்னாங்க கொழந்த யோகக் கண்ண மூடிட்டீங்களா" என்று கேட்டால், "இல்லயே, யோகக் கண்ண நல்லா தொறந்துதான் வெச்சிருக்கோம். மத்ததுதான் மூடியிருக்கு. இப்ப யோகம் ரெண்டு மடங்கு" என்கிறான். அப்படியே இருக்கட்டும். அடுத்த முகாம் பேனரில் அவன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுத்துணியோடு பிள்ளை படத்தையும் போட்டிருக்கிறான். இரண்டும் ஒரே அளவு. அதுவே அவனிடம் பெரிய விஷயம்.

நேற்று ஆஸ்பத்திரியில் பரிசோதனை. நீளமான அறை. அந்தக் கோடியில் சுந்தரி உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், இடது கண் மூடியிருந்தது. இந்தக் கோடியில் டாக்டரின் மேஜைப் பக்கம் நாங்கள் நின்றோம். வந்தபோது மேல் எழுத்தே தெரியாத கண்ணில் இப்போது பாதிப் பலகை இறங்கியிருக்கிறாள் என்றார் டாக்டர். முழுசாக வருமா என்று சொல்ல முடியாது, இன்னும் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கலாம் என்றார்.

ஏகா கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ரொம்ப வருத்தத்தோடு சொன்னான்:

"இன்னா சார் பண்றது. ஒரு வருஷம் முன்னாடியே ஒருத்தராச்சும் எங்ககிட்ட சொல்லியிருக்கலாம். யாருமே சொல்லல."

பிரவீணா தன் கால்விரலைப் பார்த்தாள். நான் அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. பேனர், சால்வை, யோகம், கொல்லைப்புறத்தில் வீசின பெட்டி, எல்லாம் வரிசையாக வந்தது. ஆஸ்பத்திரியில் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. சத்தியமாகப் பேசவில்லை.

அறையின் அந்தக் கோடியிலிருந்து சுந்தரி கூப்பிட்டாள்.

"ப்பா. அத்த உன்ன மொறைக்குது."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பரிசோதனைச் சீட்டில் குறித்துக்கொண்டார்.

அன்புடன்,
கல்பனா